பேட்ரிக் ஹென்றியின் 1775 பேச்சு: உணர்ச்சியைக் கழித்துவிட்டால் வாதம் என்று ஏதாவது மிஞ்சுகிறதா?

தென்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதல் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் செமினார். எனக்கு வந்த தலைப்பு, 1775 மார்ச் 23 அன்று, அமெரிக்காவில் பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவின் ரிச்மண்டில், செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் கூடிய மாநாட்டில் பேட்ரிக் ஹென்றி பேசிய பேச்சு. "எனக்கு விடுதலையைக் கொடுங்கள், இல்லையேல் சாவைக் கொடுங்கள்" என்று முடியுமே, அதுதான். பேச்சின் வாதங்களைப் பகுத்துக் காட்ட வேண்டும்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். ஈதாஸ் (பேசுபவரின் நம்பகத்தன்மை), பேத்தாஸ் (உணர்ச்சி), லோகாஸ் (தர்க்கம்) என்று நோட்டில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு வரியையும் எடுத்து அதனதன் கட்டத்தில் போட்டேன். ஈதாஸுக்கு நாலு வரி தேறியது. பேத்தாஸ் பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டது. லோகாஸ் கட்டம் கிட்டத்தட்ட காலி. சங்கிலி, அடிமைத்தனம், முத்தமிட்டுக் காட்டிக்கொடுப்பது, வடக்கிலிருந்து வரும் புயற்காற்று என்று எங்கே தொட்டாலும் சூடு. கேட்டவர்கள் உணர்ச்சிவசப்பட்டுக் கை தூக்கிவிட்டார்களோ என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. விடுதலை அல்லது சாவு என்று இரண்டே கதவைக் காட்டுகிறார். நடுவில் வேறு வழி இல்லாமலா இருந்தது? பிரிட்டிஷ் சரக்கை இறக்குமதி செய்வதில்லை என்று முதலாம் கண்டப் பேராயம் (குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய சபை) முடிவெடுத்து, 1774 டிசம்பர் 1 முதல்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதியையும் நிறுத்துவது 1775 செப்டம்பரில்தான் தொடங்குவதாக இருந்தது. அதாவது ஹென்றி எழுந்து பேசும்போது புறக்கணிப்பு ஆரம்பித்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அரசருக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்கும் ஒழுங்கான பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னவர்கள் கோழைகளா, நிதானமானவர்களா? எனக்கு அவர்கள் பக்கமும் நியாயம் தெரிகிறது.

இதில் உண்மையிலேயே வாதம் இருக்கிறதா, இருந்தால் எங்கே? படித்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சாக்பீஸ் எழுதியது:

தம்பி, அந்த மூன்று கட்டத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அன்று மேசையில் இருந்த தீர்மானம் என்ன என்பதைத்தான். எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று கேட்டார்கள்? அது தெரியாமல் படித்தால் பேச்சு அந்தரத்தில் நிற்கும், உங்களுக்கு உணர்ச்சி மட்டும்தான் தெரியும்.

அன்று மேசையில் இருந்தது விடுதலைப் பிரகடனம் இல்லை. அது வர இன்னும் 15 மாதம் கிடக்கிறது. ஜமைக்கா தீவின் சட்டமன்றம் குடியேற்றங்களுக்கு ஆதரவாக அரசருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தது. அதற்கு நன்றி சொல்லி, பழைய இனிய நாட்கள் திரும்பி வரட்டும் என்று ஆசைப்பட்டு ஒரு தீர்மானம் வந்தது. அந்த இடத்தில்தான் ஹென்றி எழுந்து தன் தீர்மானத்தை வைக்கிறார். ஒழுங்கான குடிப்படைதான், அதாவது சாதாரணக் குடிமக்களே ஆயுதம் ஏந்தி நிற்கும் படைதான், சுதந்திர அரசுக்கு இயல்பான பலம், ஆகவே இந்தக் குடியேற்றத்தை உடனே தற்காப்பு நிலையில் வைக்க வேண்டும், அதற்கு ஒரு குழு போட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. குடிப்படை பற்றிய வாசகம்கூடப் புதிதில்லை, மேரிலாந்து 1774 டிசம்பரிலேயே கிட்டத்தட்ட அதே சொற்களில் தீர்மானம் போட்டுவிட்டது. எதிர்த்துப் பேசியவர்களும் அரசரின் அடிவருடிகள் இல்லை. ராபர்ட் கார்ட்டர் நிக்கலஸ், எட்மண்ட் பெண்டில்டன், பெஞ்சமின் ஹாரிசன் எல்லாம் குடியேற்றத்தின் உரிமைக்காக நின்றவர்கள். அவர்கள் சொன்னது "வேண்டாம்" இல்லை, "இப்போது வேண்டாம்".

ஆக, அந்தக் கூடத்தில் தகராறு "எப்போது" என்ற ஒரு சொல்லில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு பேச்சைத் திரும்பப் படியுங்கள், உங்கள் லோகாஸ் கட்டம் நிறைந்துவிடும். பேச்சு முழுக்கக் காலத்தைப் பற்றிய வாதம்.

முதலில் அளவுகோலை வைக்கிறார். வருவதை எதைக் கொண்டு கணிப்பது? கடந்ததைக் கொண்டுதான், என் கால்களுக்கு வழிகாட்டும் ஒரே விளக்கு அனுபவம், வேறு வழி எனக்குத் தெரியாது என்கிறார். இதை ஒத்துக்கொண்டால், "அடுத்த விண்ணப்பத்துக்கு நல்ல பதில் வரலாம்" என்று சொல்கிறவர் கடந்த பத்து வருடத்தில் அப்படி ஒன்று நடந்ததைக் காட்டியாக வேண்டும். நிரூபிக்கும் பாரத்தை மெல்ல எதிராளியின் தோளில் ஏற்றிவிடுகிறார், கவனித்தீர்களா?

அடுத்தது படை. இவ்வளவு கப்பலும் சிப்பாயும் எதற்கு வந்தன? சமரசத்துக்கும் அன்புக்கும் கப்பற்படை வேண்டுமா? இந்தப் பகுதியில் பிரிட்டனுக்கு வேறு எதிரி உண்டா? இல்லை. அப்படியானால் நமக்குத்தான். ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டே வந்து மிச்சத்தைக் காட்டுகிறார். உணர்ச்சி இருக்கிறது, ஆனால் அதற்கு அடியில் எலும்பும் இருக்கிறது. லண்டன் தரப்பில் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள்: 1763-இல் முடிந்த பிரெஞ்சுப் போருக்குப் பிறகு மேற்கு எல்லையைப் பழங்குடிகளிடமிருந்து காக்கத்தான் படை என்று. ஆனால் 1774-இல் அந்தப் படை குவிந்தது எல்லையிலா? பாஸ்டன் துறைமுகத்தில். எல்லைக் காவலுக்கு வந்த சிப்பாய்க்குக் கடற்கரை நகரத்தில் என்ன வேலை? ஹென்றியின் கேள்விக்கு அந்தப் படை நின்ற இடமே பதில் சொல்லிவிட்டது.

அப்புறம் வருவதுதான் பேச்சின் உயிர்நிலை என்று நான் நினைக்கும் இடம். "நாம் பலவீனர்கள் என்கிறார்கள். சரி, எப்போது பலசாலி ஆவோம்? அடுத்த வாரமா, அடுத்த வருடமா? நம்மிடம் ஆயுதமே இல்லாமல் பிடுங்கிய பிறகா, வீட்டுக்கு வீடு பிரிட்டிஷ் காவலன் நின்ற பிறகா?" பொறுப்போம் என்று சொல்கிறவர்கள், பொறுப்பதற்குச் செலவில்லை என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அந்த நினைப்பைத்தான் இவர் உடைக்கிறார். காலம் இரு தரப்புக்கும் சமமாக ஓடவில்லை, காத்திருக்கக் காத்திருக்க அவன் கை ஓங்கும், நம் கை தாழும் என்கிறார். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1774 அக்டோபரிலேயே குடியேற்றங்களுக்கு வெடிமருந்தும் ஆயுதமும் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு உத்தரவு போட்டுவிட்டது. அதே வருடம் செப்டம்பர் 1 அன்று, பாஸ்டனுக்குப் பக்கத்துக் கிடங்கிலிருந்து வெடிமருந்தைப் பிரிட்டிஷ் படைத் தலைவர் ஜெனரல் கேஜ் எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஹென்றி பேசி ஒரு மாதம் முடிவதற்குள், ஏப்ரல் 21 விடியுமுன், வர்ஜீனியாவின் சொந்த ஆளுநர் டன்மோர், வில்லியம்ஸ்பர்க் கிடங்கிலிருந்து வெடிமருந்துப் பீப்பாய்களை இரவோடு இரவாக அள்ளிக் கப்பலுக்கு அனுப்பினார். "ஆயுதத்தைப் பிடுங்கிய பிறகா" என்று கேட்டாரே, அது நடந்தது.

இத்தனையும் சொன்னதால் எல்லாமே சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, உங்கள் கேள்வியே அதைத் தொடுகிறது. பத்து வருடம் கெஞ்சிப் பார்த்தோம், எதுவும் நடக்கவில்லை என்கிறார். ஆனால் 1765-இல் வந்த முத்திரைத்தாள் வரியை 1766-இல் திரும்பப் பெற்றார்கள். 1767-இல் போட்ட டவுன்ஷெண்ட் வரிகளில் தேயிலையைத் தவிர மற்றதை 1770-இல் எடுத்தார்கள். இரண்டு தடவையும் சரக்குப் புறக்கணிப்பு இங்கிலாந்து வணிகர்களைக் கடித்தது, அவர்கள் நாடாளுமன்றத்தை நெருக்கினார்கள். நிக்கலஸ் எழுந்து, "நீங்கள் சொன்ன அதே அனுபவ விளக்கை நானும் பிடித்துப் பார்க்கிறேன், விண்ணப்பம் தோற்றது, புறக்கணிப்பு இரண்டு முறை ஜெயித்திருக்கிறது, மூன்றாவது முறைக்கு ஏன் அவகாசம் தரக் கூடாது" என்று கேட்டிருந்தால் ஹென்றி திணறித்தான் இருப்பார். விண்ணப்பத்தைப் பற்றி மூச்சு விடாமல் அடுக்குகிறவர் புறக்கணிப்பைப் பற்றி அந்தப் பேச்சில் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தை செமினாரில் நிச்சயம் குறிப்பிடுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சாக்பீஸ் ஐயா சொன்னது நல்ல வாசிப்பு. ஆனால் அடிப்படையான ஒரு விஷயம் விட்டுப்போகிறது, தென்கரை இதைச் சொல்லாமல் மேடை ஏறினால் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வார்.

நாம் படிக்கும் இந்தப் பாடம் ஹென்றி எழுதியதில்லை. அவர் கையில் குறிப்பு வைத்துக்கொண்டு பேசவும் இல்லை, அன்று யாரும் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எடுக்கவும் இல்லை. ஹென்றி 1799-இல் இறந்துவிட்டார். வில்லியம் வர்ட் என்ற வழக்கறிஞர் ஹென்றியின் வாழ்க்கை வரலாற்றை 1817-இல் வெளியிட்டார், இந்தப் பேச்சு முழுதாக முதலில் அச்சானது அதில்தான். நடந்து 42 வருடம் கழித்து. அன்று நேரில் கேட்ட செயின்ட் ஜார்ஜ் டக்கர் பல வருடம் கழித்து நினைவிலிருந்து வர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தது முக்கிய ஆதாரம், அந்தக் கடிதமும் இன்று கைக்குக் கிடைப்பதில்லை. வர்ட்டின் நூலை எடுத்துப் பார்த்தால் பேச்சின் தொடக்கத்தை "அவர் இப்படிச் சொன்னார்" என்று படர்க்கையில் தருகிறார், போகப்போகத்தான் நேர்ப்பேச்சாக மாறுகிறது. எந்த இடம் டக்கரின் நினைவு, எந்த இடம் வர்ட்டின் கைவண்ணம் என்று பிரிப்பது இன்றுவரை வரலாற்றாசிரியர்களுக்குத் தலைவலி.

இது வாதத்தைப் பகுக்கும் வேலையில் எங்கே வந்து மோதுகிறது என்றால், "வடக்கிலிருந்து வீசும் அடுத்த காற்று ஆயுதங்கள் மோதும் ஓசையை நம் காதுக்குக் கொண்டுவரும்" என்ற வரியில். 27 நாள் கழித்து ஏப்ரல் 19 அன்று மாசசூசெட்ஸில் லெக்சிங்டன், கான்கார்ட் ஊர்களில் சுட்டுக்கொண்டார்கள். வடக்குதான். படிக்கிறவனுக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் 1817-இல் பேனா பிடித்தவருக்கு லெக்சிங்டன் தெரியும். டக்கருக்கும் தெரியும். தீர்க்கதரிசனம் மாதிரி இருக்கும் வரியைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். "போர் தொடங்கியே விட்டது" என்பதும் அப்படியே, மார்ச் 23 அன்று இன்னும் போர் தொடங்கவில்லை.

அந்தச் சமயத்திலேயே எழுதப்பட்ட சாட்சி ஒன்று இருக்கிறது. நார்ஃபோக்கில் வணிகம் செய்த ஜேம்ஸ் பார்க்கர் என்பவர், அரசர் பக்கத்து ஆள், 1775 ஏப்ரலில் ஒரு கடிதத்தில் ஹென்றியின் பேச்சைத் திட்டித் தீர்க்கிறார். அரசரைக் கொடுங்கோலன், முட்டாள், பொம்மை, அமைச்சர்களின் கைக்கருவி என்று ஹென்றி ஏசினாராம். ஆங்கிலேயர், ஸ்காட்டுக்காரர் என்று இப்போது யாருமே இல்லை, சொகுசில் மூழ்கிக் கோழையாகிவிட்ட ஒரு கூட்டம்தான் மிச்சம் என்றும் சொன்னாராம். இதை வர்ட்டின் பாடத்தோடு ஒட்டிப் பாருங்கள். அதில் அரசரைப் பற்றி ஒரு வசைச் சொல் கிடையாது. அரியணையின் காலில் விழுந்தோம், எட்டி உதைத்தார்கள் என்ற அளவில்தான் இருக்கிறது. பார்க்கர் பகையில் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கூடத்தில் கேட்டது நம் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடக் கரடுமுரடாக இருந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

அதனால் "ஹென்றி வாதிடுகிறார்" என்று எழுதும் இடத்திலெல்லாம் "வர்ட் தரும் பாடத்தில் ஹென்றி வாதிடுகிறார்" என்று ஒரு முறையாவது தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தீர்மானத்தின் வாசகம் வேறு விஷயம், அது அன்றே பதிவானது, அதை நம்பி நிற்கலாம்.

மணப்பாடு அலை எழுதியது:

தம்பி, நான் வரலாறும் படிக்கவில்லை, இலக்கியமும் படிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து வேதாகமம் வாசித்து வளர்ந்தவள். நீங்கள் போட்டதைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சைத் தேடி ஒரு தடவை வாசித்தேன். நீங்கள் உணர்ச்சிக் கட்டத்தில் தள்ளிய பாதி வரி எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனங்கள். அதில்கூட வாதம் இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

"சமாதானம் சமாதானம் என்று கூவலாம், ஆனால் சமாதானம் இல்லை" என்று ஒரு வரி வருகிறதே, அது எரேமியா ஆறாம் அதிகாரம். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இப்படி இருக்கும்: "சமாதானமில்லாதிருந்தும்: சமாதானம் சமாதானம் என்று சொல்லி, என் ஜனத்தின் குமாரத்தியின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்." அந்த மேற்பூச்சு என்ற சொல்லைப் பாருங்கள். உள்ளே சீழ் இருக்கும்போது மேலே மருந்தைத் தடவி ஆறிவிட்டது என்று சொல்கிற வைத்தியன். ஹென்றி அந்தப் பாதியை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர் முன்னால் இருந்தவர்கள் எல்லாம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள், பேச்சு நடந்ததே ஆலயத்துக்குள். சொல்லாத பாதி அவர்கள் மனதில் தானாக ஓடியிருக்கும். இன்னொரு விண்ணப்பம் எழுதுவோம் என்கிறவர்களை அந்த வைத்தியனின் இடத்தில் நிறுத்திவிட்டார், பெயர் சொல்லாமலே.

அந்த விளக்கும் அப்படித்தான். "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்" என்பது 119-ஆம் சங்கீதம். இவர் "என் கால்களுக்கு ஒரே விளக்குதான், அது அனுபவம்" என்கிறார். வசனம் இருந்த இடத்தில் அனுபவத்தை வைக்கிறார்! எனக்கு ஒரு நிமிடம் தூக்கிவாரிப்போட்டது. கேட்பவர்களுக்குப் பழகின தீபத்தைக் காட்டி, அதற்குள் எண்ணெயை மாற்றி ஊற்றுகிறார். "யுத்தத்துக்குச் சௌரியவான்களின் சௌரியமும் போதாது" என்ற பிரசங்கி வசனத்தையும் பலவீனம் பற்றிப் பேசும் இடத்தில் எடுத்துக்கொள்கிறார். பலசாலிதான் ஜெயிப்பான் என்று வேதமே சொல்லவில்லையே, நீ ஏன் சொல்கிறாய் என்று கேட்பது போல.

கடைசி வரிக்கு வருகிறேன். எல்லோரும் அதன் பின்பாதியை மட்டும்தான் எடுத்துப் போடுகிறார்கள். முன்னால் இருப்பது: "மற்றவர்கள் எந்த வழியில் போவார்களோ நான் அறியேன், என்னைப் பொறுத்தவரையில்..." யோசுவா தன் ஜனங்களைக் கூட்டி, யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்றைக்குத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்று முடிப்பார். எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை வீட்டு வாசல் நிலைக்கு மேலே அந்த வசனம் சட்டம் போட்டுத் தொங்குகிறது தெரியுமா? எனக்கு அந்தக் கடைசி வரி அதே வார்ப்பில் கேட்கிறது. நீங்கள் செய்யுங்கள் என்று அவர் அங்கே கட்டளை போடவில்லை. நான் இதைச் செய்வேன், நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள் என்கிறார். இரண்டே கதவைக் காட்டி ஏமாற்றுகிறார் என்று நீங்கள் சொன்னது அதனால் முழுக்கப் பொருந்தாது. இரண்டு கதவு அவருக்கு. மற்றவர்களுக்கு எத்தனை கதவு என்று அவர் சொல்லவில்லை.

கருவேலம் எழுதியது:

எல்லாம் படித்தேன். எலும்பு, வசனம், பாடபேதம் எல்லாம் வந்துவிட்டது. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை. அடிமைத்தனம். "சங்கிலியையும் அடிமைத்தனத்தையும் விலையாகக் கொடுத்து வாங்கும் அளவுக்கு உயிர் அவ்வளவு இனியதா, சமாதானம் அவ்வளவு சுவையானதா?" என்று கேட்டவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவர் இறக்கும்போது கணக்கில் அறுபதுக்கு மேல்.

அறியாமையில் செய்தார் என்று விட்டுவிடவும் முடியாது. பேச்சுக்கு இரண்டு வருடம் முன்னால், 1773 ஜனவரி 18 அன்று, ராபர்ட் பிளெசன்ட்ஸ் என்ற குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) அன்பருக்கு ஹென்றியே எழுதிய கடிதம் இருக்கிறது. விலைக்கு வாங்கிய அடிமைகளுக்கு நானே எஜமான் என்றால் யாராவது நம்புவார்களா, அவர்கள் இல்லாமல் இங்கே வாழ்வதன் அசௌகரியம் என்னை இழுத்துக்கொண்டு போகிறது, இதை நான் நியாயப்படுத்த மாட்டேன், நியாயப்படுத்தவும் முடியாது என்று எழுதுகிறார். அசௌகரியம்! அந்தச் சொல்லில் நான் அரை மணி நேரம் நின்றேன். தன் விடுதலைக்கு உயிரே துச்சம் என்கிறவர், அடுத்தவன் விடுதலைக்குத் தன் வீட்டு வசதியை விட முடியவில்லை.

வாதத்துக்குள்ளேயே இது எங்கே விரிசல் விடுகிறது என்று காட்டுகிறேன். "முப்பது லட்சம் மக்கள், விடுதலை என்ற புனித காரியத்துக்காக ஆயுதம் ஏந்தினால்" என்று பலத்தைக் கணக்குப் போடுகிறார். அன்றைக்குப் பதின்மூன்று குடியேற்றங்களின் மொத்த மக்கள் தொகையே சுமார் 25 லட்சம்தான். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமை, வர்ஜீனியாவில் ஐந்தில் இருவர். தலைக்கணக்கில் அவர்களையும் சேர்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பக்கத்திலாவது போக முடியும். அவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுப்பாரா? தீர்மானத்தில் குடிப்படை யாரால் ஆனது என்று எழுதியிருக்கிறது, கனவான்களும் சொந்த நிலமுள்ள உழவர்களும். வர்ஜீனியாக் குடிப்படை அதுவரை செய்துவந்த வேலைகளில் ஒன்று அடிமைகள் எழுந்துவிடாமல் இரவில் ரோந்து போவது. சாக்பீஸ் ஐயா உயிர்நிலை என்று சொன்ன அந்தப் பலவீன வாதம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

லண்டனில் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் அதே 1775-இல் இதைப் பிடித்துவிட்டார். விடுதலை விடுதலை என்ற கூச்சல், கறுப்பர்களை ஓட்டி வேலை வாங்குகிறவர்களிடமிருந்தே அதிகம் வருவது எப்படி என்று கேட்டார். அதே வருடம் நவம்பரில் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் அரசர் படையில் வந்து சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். டன்மோருக்குக் கருணை எல்லாம் இல்லை, அவருக்கும் அடிமைகள் உண்டு. ஆனாலும் நூற்றுக்கணக்கானவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். விடுதலை அல்லது சாவு என்பதை அவர்கள் பேசவில்லை, செய்தார்கள்.

பழைய சாக்பீஸ் எழுதியது:

கருவேலம், நீங்கள் சொன்ன உண்மை எதையும் நான் மறுக்கவில்லை. ஒரு குறிப்பு மட்டும். அந்தக் காலத்து ஆங்கில அரசியல் எழுத்தில் அடிமைத்தனம் என்பதற்கு ஒரு தனிப் பொருள் இருந்தது. தன் சம்மதம் இல்லாமல் இன்னொருவன் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவன் அடிமை, வரி போடுகிறவனைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லாதவன் அடிமை என்று எழுதுவார்கள். ஹென்றி அந்தப் பழக்கத்தில் அந்தச் சொல்லை எடுக்கிறார். அவருடைய வாதத்தைப் புரிந்துகொள்ள இது தேவை.

கருவேலம் எழுதியது:

ஐயா, அது தெரியும். ஆனால் அந்தச் சொல் ஏன் அவ்வளவு சுட்டது என்று கேளுங்கள். லண்டனில் ஒருவன் அடிமைத்தனம் என்றால் அது புத்தகச் சொல். வர்ஜீனியாவில் அதைக் கேட்டவன் ஒவ்வொருவனும் காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் வயலில் பார்ப்பது அது. நமக்கும் அந்தக் கதி வந்துவிடும் என்ற பயம்தான் அந்தச் சொல்லுக்குச் சூடு கொடுத்தது. புத்தகப் பொருளை எடுத்துக்கொண்டு வயலை மறைத்துவிட்டால் பேச்சு ஏன் வேலை செய்தது என்பதே புரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே ரிச்மண்டுக்குப் பக்கத்தில், 1800-இல், கேப்ரியல் என்ற கொல்லர், அடிமை, ஒரு கிளர்ச்சிக்கு ஆள் சேர்த்தார். ஆகஸ்ட் 30 இரவு என்று நாள் குறித்திருந்தார்கள், அன்று பெய்த பேய்மழையில் பாலமும் பாதையும் போய்விட்டது, இதற்குள் காட்டிக்கொடுத்தும் விட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டார்கள். விசாரணையில் வெளிவந்த செய்தி: பட்டுத் துணியில் கொடி செய்து அதில் "சாவு அல்லது விடுதலை" என்று எழுத நினைத்திருந்தார்களாம். ஹென்றி இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சொல்லைத் திருப்பிப் போட்டிருப்பதைப் பாருங்கள், சாவு முன்னால் வருகிறது.

பழைய சாக்பீஸ் எழுதியது:

ஜன்னலைத் திறந்தால் வயல் என்றீர்களே, அதை ஒத்துக்கொள்கிறேன். வகுப்பில் நான் இத்தனை வருடம் அகராதிப் பொருளை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அது போதாது.

தென்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நோட்டை எடுத்து மூன்று கட்டத்தையும் அடித்துவிட்டுப் புதுப் பக்கத்தில் தொடங்கினேன்.

தொடக்கத்தில் மேசையில் இருந்த தீர்மானத்தைச் சொல்கிறேன், ஐயா காட்டிய "எப்போது" என்ற கேள்வியைப் போட்டு, பேச்சு முழுக்க அதற்குப் பதில் என்று காட்டுகிறேன். புறக்கணிப்பைப் பற்றிய மௌனத்தை அங்கேயே வைத்துவிடுகிறேன். ஏட்டுச்சுவடி அண்ணா சொன்னதால் வடகாற்று வரியை வாதத்துக்கு ஆதாரமாக எடுக்காமல், பார்க்கரின் கடிதத்தோடு சேர்த்துத் தனியாகப் பேசப்போகிறேன். அக்கா, எரேமியாவின் மேற்பூச்சு எனக்குப் படித்ததிலேயே ரொம்பப் பிடித்தது, எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வசனம் தெரிந்திருக்கும், அவர்களைச் சொல்லச் சொல்லிவிட்டு ஹென்றியின் வரியைப் படிக்கப்போகிறேன். முப்பது லட்சம் என்ற எண்ணை அது வரும் இடத்திலேயே நிறுத்தி, யார் யார் அதில் அடங்கும் என்று கேட்கிறேன். கடைசியில் பின்குறிப்பாகச் சேர்த்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று தோன்றுகிறது.

ஒரே ஒரு சந்தேகம். தோற்றுப்போன பக்கம், பொறுப்போம் என்று சொன்னவர்கள், அதற்கப்புறம் என்ன ஆனார்கள்? வாக்கு நெருக்கமாக இருந்தது என்று மட்டும் படித்தேன்.

பழைய சாக்பீஸ் எழுதியது:

சொற்ப வித்தியாசத்தில்தான் தீர்மானம் நிறைவேறியது. தற்காப்புத் திட்டம் போட அன்றே ஒரு குழு அமைத்தார்கள். அந்தப் பட்டியலில் ஹென்றி இருக்கிறார், ரிச்சர்ட் ஹென்றி லீ இருக்கிறார், ஜார்ஜ் வாஷிங்டனும் தாமஸ் ஜெஃபர்சனும் இருக்கிறார்கள். கூடவே, எதிர்த்துப் பேசித் தோற்ற நிக்கலஸ், ஹாரிசன், பெண்டில்டன் மூன்று பேரும் இருக்கிறார்கள். அடுத்த வருடம் ஜூலையில் நிறைவேறிய விடுதலைப் பிரகடனத்தில் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்து உண்டு, ஹென்றியின் கையெழுத்து இல்லை. அவர் அப்போது வர்ஜீனியாவின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்று வில்லியம்ஸ்பர்க்கில் இருந்தார்.